பெட்டிக்குள் இருக்கிறவரை

அண்ணா, அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறீர்கள், பெஞ்சில் வையுங்கள். நான் தூக்கிக்கொண்டு ஓடிவிட மாட்டேன். சற்று முன்னால் என்னிடம்தானே விட்டுவிட்டுப் போனீர்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவில்லையா? திருவனந்தபுரம் பஸ் போய்விட்டது. அடுத்தது இப்போதைக்கு வராது. அதுவரை ஒரு கதை சொல்கிறேன். வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். நடுவில் சிரித்துவிட்டால் கடைசிக்கு மிஞ்சாது. கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பேச்சிப்ரியா. பேச்சி எங்கள் குலதெய்வம், ப்ரியா அப்பாவின் ஆசை. பன்னிரண்டாம் வகுப்பு. இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, நான்தான் போகவில்லை. காலையில் டீச்சருக்கு போன் போட்டு அப்பா குரலில், 'பிள்ளைக்குக் காய்ச்சல் டீச்சர், கண்ணையே தொறக்க மாட்டேங்கா' என்றேன். அப்பா பேசினால் நடுவில் ஒரு செருமல் வரும். வார்த்தையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அந்தச் செருமல்தான் கஷ்டம். 'பிள்ளையை நல்லாப் பாத்துக்கோங்க சார்' என்று டீச்சர் என்னிடமே சொன்னார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று செருமினேன்.

சிரித்துவிட்டீர்கள் பாருங்கள். இது இல்லை அண்ணா. இது சும்மா.

எனக்கு எந்தச் சத்தமும் ஒருமுறை கேட்டால் போதும். தலைமையாசிரியர், கரும்புச் சாறு மெஷின், பக்கத்து வீட்டு நாய், அந்த நாயைத் திட்டும் பக்கத்து வீட்டு மாமா, எல்லாம் வரும். மாமா குரலில் நாயைக் கூப்பிட்டு, நாய் குரலில் மாமாவைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் வாசலில் சந்திக்க வைத்திருக்கிறேன். எங்கள் அம்மா சொல்வாள், 'உனக்குக் காது பூரா டேப்ரெக்கார்டர்டி. அதுல பதியும். உள்ள எறங்காது.'

விரலைப் பார்க்கிறீர்களா? ஒன்றுமில்லை, லேசாகச் சுட்டுக்கொண்டேன். அது கதையில் பிறகு வரும்.

நீங்கள் திருவனந்தபுரத்து லேபில் ஆராய்ச்சி மாணவர்தானே? கழுத்து அட்டையைப் பார்த்தேன். போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்களே, 'வண்டி போயிருச்சு சார், ஆனா ஐஸ் நெறைய இருக்கு, பெட்டிக்குள்ள இருக்கிறவரை பயமில்ல' என்று. நாகர்கோவில் பக்கமா? பயமில்ல என்கிறபோது ஒரு இழுப்பு வருகிறது, அதனால் கேட்டேன். பார்த்தீர்களா, உங்கள் குரலும் வந்துவிட்டது.

காலையில் நீங்கள் பெட்டி வாங்கினீர்களே, அந்தத் திசு வங்கி. அதை நடத்தினது எங்கள் அம்மா. சங்கரகோமதி என்று கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், இப்போது லீவில் இருக்கிறாள். தொடங்கின நாளிலிருந்து அவள்தான். ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற பொது வங்கி. ஆபரேஷனில் எடுக்கிற கட்டியில் ஒரு துண்டு மெழுகில் பதித்து வைப்பார்கள், நோய் என்ன என்று பார்க்க. இன்னொரு துண்டு பனியில். அது ஆராய்ச்சிக்காரர்களுக்கு. எவர் கேட்டாலும் வரிசைப்படிதான் கொடுப்பார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், இல்லையா? தெரிந்ததைக் கேட்கும்போதுதான் ஆள் அசந்திருப்பார்.

வரிசை விஷயத்தில் அம்மா ராட்சசி. ஒருமுறை வெளியூர் டாக்டர் ஒருவர், ஆராய்ச்சி பண்ணுகிற சொந்த மச்சினனுக்காக, கொஞ்சம் முன்னால் தள்ளிவிடச் சொல்லிக் கேட்டுப் பெரிய காரில் வந்தார். அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. 'ஒக்காருங்க டாக்டர். காபி குடிங்க. வரிசையில உங்க மச்சினனுக்கு முன்னாடி இருக்கிறவங்களுக்கும் மச்சினன் இருப்பாங்க.' அவர் காபி குடிக்காமல் போனார். அதை நான் குடித்தேன்.

வங்கியில் வளர்ந்த பிள்ளை நான். பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் போவேன். காலிக் குழாய்கள் கிடைக்கும், திருகுமூடி போட்டது, சுண்டுவிரல் அளவு. அதில் பாசிமணி போட்டு வைப்பேன். வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரிய ஃப்ரீசர்கள் இருக்கிறதே, சூடு ஏறினால் ஊளையிடும், அம்மாவின் போனுக்கும் அடிக்கும். கரண்ட் போனால் முதலில் அப்பாவுக்குத்தான் வசவு. அப்பா மின்வாரியத்தில் வேலை. 'எங்க ஃபீடர் லைனை மட்டும் ஏன் ஆஃப் பண்ணுதீக' என்று அம்மா கேட்பாள், கலெக்டரிடம் மனு கொடுப்பதுபோல். ஒருமுறை கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மேஜைக்கு அடியில் குனிந்து அந்த ஊளையை விட்டேன். அம்மா இலையில் பாயசம் ஊற்றினதுகூடத் தெரியாமல் எழுந்து ஓடினாள். செருப்பு ஒரு கால் வேறு யாருடையதோ. பந்தியே சிரித்தது. திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'நெசமா அடிச்சா எத்தனை பேர் செத்த மாதிரி தெரியுமா' என்று மட்டும் சொன்னாள். அதுவும் நன்றாகச் செய்வேன் நான், அந்தச் 'செத்த மாதிரி'யில் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

அம்மாவின் பெரிய ஐட்டம் ஒன்று உண்டு. காலேஜ் பிள்ளைகள் வங்கியைப் பார்க்க வருவார்கள், அவர்களுக்குச் சொல்லும் பாடம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொள்வாள். 'இந்தா பாருங்க பிள்ளைகளா. மெழுகில இருக்கிறது போட்டோ மாதிரி. செத்துப்போன பிறகும் முகம் தெரியும். டிராயரில போட்டு மூடலாம், கத்திரி வெயில்லயும் ஒண்ணும் ஆகாது.' அப்புறம் பனியைப் பற்றி ஒரு பாட்டம் போகும். அது நீளம். அதைக் கடைசியில் செய்து காட்டுகிறேன், அதற்கு எப்போதும் கைதட்டல்தான்.

போன வருஷம் அம்மாவுக்கே வந்துவிட்டது. வயிற்றில்.

பரவாயில்லை, அப்படி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். இது சிரிப்புக் கதை என்று சொன்னேன் அல்லவா.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அம்மாவின் துண்டை வாங்கிக்கொண்டு வந்தது அந்தோணி அண்ணன். அம்மாவுக்குக் கீழே வேலை செய்பவர். உங்களுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தாரே, அவர்தான். அம்மா மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி, 'சீக்கிரம் பனியில வச்சியா, ராத்திரிவரை வெளிய கெடந்துச்சா?' அந்தோணி அண்ணன், 'யக்கா, உங்க வயித்துக்குள்ள இருந்ததைவிட வெளிய இருந்த நேரம் கம்மி' என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பயந்துபோனார்கள். பிறகு பனியில் வைத்ததையெல்லாம் எல்லாரையும்போலப் பொதுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். 'பனியில இருந்தது முழுசும் போயாச்சு, இனி எனக்குன்னு மெழுகு மட்டும்தான்' என்று அவள் வாயாலேயே சொன்னாள். நான் காதால் கேட்டேன்.

இப்போது திரும்பி வந்திருக்கிறது. கல்லீரலை ஒட்டி, கத்தி போக முடியாத இடத்தில். ஒரு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. இன்னொன்று, அதற்கும் அடங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க உடம்பில் தெம்பு இல்லை என்கிறார்கள். எது கேட்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கொடுக்கலாமாம். தெரிந்துகொள்ள அந்தக் கட்டியிலிருந்து ஏதாவது வேண்டும். புதிதாக எடுக்க முடியாது. பழையதுதான். புரிகிறதா அண்ணா? அந்த டிராயரில் இருக்கும் மெழுகுதான் எங்களிடம் மிச்சம் இருக்கிற ஒரே பிடி. என்றைக்காவது ஒரு டாக்டர், 'கோமதியம்மாளோட பழைய கட்டி இருக்கா' என்று கேட்பார். இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் முடிந்தது.

அம்மாவின் குரல் போய்விட்டது. இப்போது காற்றுதான் வருகிறது. பம்பாயிலிருந்து சித்தி போன் பண்ணினால் நான் எடுக்கிறேன், அம்மாவின் பழைய குரலில். 'எனக்கு என்னட்டி, கல்லு மாதிரி இருக்கேன். உம் பையனுக்குப் பரிட்சை எப்ப?' அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுச் சிரிப்பாள், தோள் மட்டும் குலுங்கும். ஒருநாள் அப்பா ஆபீசிலிருந்து பேசினார். அவரிடமும் அந்தக் குரலிலேயே பேசிவிட்டேன், அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் எல்லாக் குரலும் இருக்கிறது. இப்போது அவள் பேசுகிற இந்தக் குரல் மட்டும் வரவில்லை. முயற்சி பண்ணவும் இல்லை.

இருங்கள், சிரிப்பு வருகிறது. பக்கத்தில் வந்துவிட்டது.

முந்தாநாள் அம்மாவின் கண்ணாடி வங்கியில் கிடக்கிறது என்று எடுக்கப் போனேன். பெரிய டாக்டர் அறைக் கதவு பாதி மூடியிருந்தது. வைத்தியலிங்கம் டாக்டர், எல்லாருக்கும் மேலே இருப்பவர். உள்ளே அந்தோணி அண்ணன் நிற்கிறார். அப்படியே சொல்கிறேன், ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல்:

'அந்தோணி, மிச்சம் இருக்கிறதை எடுத்துரு. எடுத்து அனுப்பிரு. இனி இங்க வச்சு என்ன செய்ய? சங்கரகோமதிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா விட மாட்டா.'

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். எப்போதும் ஏசியிலேயே இருப்பவர், சளி. அந்தோணி அண்ணன், 'சரிங்க டாக்டர்' என்றார், பாதி சத்தம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பாக்கு போட்டிருப்பார். அப்புறம் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திருடப் போகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

அம்மா இன்னும் இருக்கிறாள் அண்ணா. மூச்சு விடுகிறாள். காலையில் அரை இட்லி சாப்பிட்டாள். அதற்குள் இனி இங்கே வைத்து என்ன செய்ய என்கிறார்கள். அவள் கட்டின வங்கியில், அவள் டிராயரில் இருப்பதை, அவளுக்குத் தெரியாமல். அங்கிருந்து ஒன்று வெளியே போனால் திரும்பி வராது, எனக்குத் தெரியாதா? எத்தனை பெட்டி போவதைப் பார்த்திருக்கிறேன். அரைத்துக் கரைத்துவிடுவார்கள். அம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால், 'போகட்டும்டி, யாருக்காவது ஆகும்' என்பாள். அந்தக் காற்றுக் குரலில் அதைக் கேட்க என்னால் முடியாது. அப்பாவிடம் சொன்னால் செருமுவார். அதனால் நானே.

இன்று காலை வங்கி ஜன்னல் பக்கம் ஒளிந்து பார்த்தேன். அந்தோணி அண்ணன் மெழுகைச் சீவிக்கொண்டிருந்தார். தேங்காய்த் துருவல் மாதிரி சுருள் சுருளாக வரும், அதைக் குழாயில் போட்டு மூடுவார்கள், அனுப்புவதற்கு. பிறகு நீங்கள் வந்தீர்கள். பெட்டியோடு போனீர்கள். நானும் பின்னாலேயே டவுன் பஸ்ஸில் வந்தேன். இந்த பஸ் ஸ்டாண்டில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணி கேட்டேன். நல்ல மனுசர், சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

சரி. இப்போது சிரிப்பு.

ஒரு கண்டக்டர் கூப்பிட்டாரே, 'திருவனந்தோரம் திருவனந்தோரம், அந்தக் கடைசிக்குப் போங்க, வண்டி எடுக்கப் போவுது' என்று? அந்தக் கண்டக்டர் நான்தான். துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு குரலைத் தூரத்தில் போட்டேன். நீங்கள் மட்டுமா, ஒரு குடும்பமே குழந்தைகுட்டியோடு ஓடியது. பெட்டி கனம். 'கொஞ்சம் பாத்துக்கம்மா, வண்டியை நிறுத்திட்டு வாரேன்' என்று நீங்களாகவே என் கையில் கொடுத்தீர்கள். நீங்கள் அந்தக் கடைசியில் தேடிக்கொண்டிருந்தபோது நிஜ வண்டி இங்கேயே வந்து போனது.

பெட்டியைத் திறந்து பாருங்கள். திறங்கள் அண்ணா. புகை வருகிறதா? அந்தப் புகையைக் கையால் விலக்கினால் குழாய் இருக்கும். இருக்கிறதா? எடுங்கள், துணியால் பிடியுங்கள், சுடும். பனி இப்படிச் சுடும் என்று எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும், விரலில் தோலே ஒட்டிக்கொண்டு வந்தது. மூடியைத் திருகுங்கள். கொஞ்சம் ஊதிவிட்டு மோந்து பாருங்கள். நெய் வாசம் வருகிறதா?

அல்வா.

நேற்று வாங்கினது, என் பாசிமணிக் குழாயில் அடைத்துக் கொண்டுவந்தேன். இவ்வளவு பெரிய பெட்டி, இவ்வளவு பனி, சுண்டுவிரல் அளவு ஒற்றைக் குழாய், அதற்குள் அல்வா. அங்கே போய் உங்கள் சார் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்து, 'இது என்ன கட்டி' என்று கேட்பார். சிரிக்கலாம் அண்ணா. இப்போது சிரிக்கலாம். நான் பேசாமல் எழுந்து போயிருக்கலாம், ஆனால் உங்களுக்குத் திட்டு விழுமே, எதற்காக என்றாவது தெரிய வேண்டாமா? அங்கே போய், வழியில் தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்காக ஒரே ஒரு பொய்.

ஏன் சிரிக்கவில்லை?

நிஜக் குழாய் எங்கே என்றால், இதோ, என் யூனிஃபார்ம் கோட்டுப் பையில். நெஞ்சோடு அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் ஓடினதிலிருந்து இங்கேதான் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது.

அண்ணா, கையை விடுங்கள். வலிக்கிறது.

என்ன? மெதுவாகச் சொல்லுங்கள். ஆராய்ச்சிக்கு இல்லையா? ஒரே ஒரு நோயாளிக்கா? யார் என்று தெரியாது, எண்தான் தெரியும், சரி. உயிரோடு எழுப்பி, ஒவ்வொரு மருந்தாக ஊற்றிப் பார்த்து, எதற்கு அடங்குகிறது என்று… யாருக்கு? வரிசையைத் தாண்டியா? எங்கள் பெரிய டாக்டரே உங்கள் சாருக்கு போன் போட்டாரா? இதுவரை யாருக்காகவும் கேட்டதில்லை, இந்த ஒருத்திக்காக மட்டும் என்று சொல்லி அழுதாரா?

அவருக்குச் சளி அண்ணா.

அந்தோணி அண்ணன் ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தாரா? இல்லை. பனியில் இருந்தது முழுசும் போயாச்சு. அம்மாவே சொன்னாள், நான் கேட்டேன். இது மெழுகு. வெயிலில் உருகக் கூடாது என்றுதான் பனியில் வைத்தார்கள், வேறு எதற்கு? நான் என் கண்ணால் பார்த்தேன், சீவிக்கொண்டிருந்தார். வேறு யாருக்கோ சீவினால் என்ன, யாருக்குச் சீவினால் என்ன, இது மெழுகுதான். இருங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.

பை நனைந்திருக்கிறது. வியர்வை.

பாருங்கள், குழாய் எவ்வளவு பத்திரமாக… வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, என் உடம்புச் சூடு. காதுக்குப் பக்கத்தில் குலுக்கிக் காட்டுகிறேன். சீவல் சத்தம் போடாது. நான் எத்தனை தடவை குலுக்கிப் பார்த்திருக்கிறேன், சத்தமே வராது.

அண்ணா, இது தண்ணீர்ச் சத்தம்.

இல்லை, இருங்கள். அம்மாவின் பாடத்தில் வரும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொள்வாள். 'மெழுகில இருக்கிறது போட்டோ மாதிரி. பனியில இருக்கிறது அப்படியில்ல பிள்ளைகளா. அது தூங்குது. உயிரோட தூங்குது. பெட்டிக்குள்ள இருக்கிறவரை எத்தனை வருசம் வேணாலும் தூங்கும். வெளிய எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, சும்மா நாலு வார்த்தை பேசிக்கிட்டு நின்னீங்கன்னா…'

அண்ணா, நான் எவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்?